வாப்பா கேட்ட பாட்டு எனக்கு ஹராமா?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா மவுத்தாகி (இறந்து) எட்டு மாதம். ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) முடித்து அவர் கேசட்டில் போட்டுக் கேட்ட நாகூர் ஹனீபா பாடல்களைக் கேட்டால்தான் மனசு ஆறுகிறது. இசைக்கருவி இருப்பதால் ஹராம் (மார்க்கத்தில் தடை) என்கிறார் மச்சான். அழித்துவிடவா?

பதில் 1:
வ அலைக்குமுஸ்ஸலாம். இசைக்கருவிகளை ஆகுமாக்குவோர் (கூடும் என்று ஆக்கிக்கொள்வோர்) பற்றிய எச்சரிக்கை புகாரி தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) நூலில் இருக்கிறது. நான்கு மத்ஹபுகளிலும் (மார்க்கச் சட்டப் பள்ளிகளிலும்) பெரும்பாலானோர் தடை என்றே சொல்கிறார்கள். தஃப் (கையால் தட்டும் தோல் பறை) மட்டும் விதிவிலக்கு. விட்டுவிடுங்கள் தம்பி.

பதில் 2:
அந்த ஹதீஸின் அறிவிப்புத் தொடரை (யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற வரிசையை) மார்க்க அறிஞர் இப்னு ஹஸ்ம் ஏற்கவில்லையே. இன்னொரு அறிஞர் கஸ்ஸாலியும் சில கருவிகளைத்தான் விலக்கினார். பாட்டு உள்ளத்தில் எதைக் கிளப்புகிறது என்று பார்க்கச் சொன்னார். பெருநாளில் நபியின் மனைவி ஆயிஷா (ரலி) வீட்டில் சிறுமிகள் பாடியதை அவருடைய தந்தை அபூபக்ர் (ரலி) அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுமிகளை விட்டுவிடச் சொன்னார்கள். சினிமாவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்: ஆபாசம் வந்தால் அணைத்துவிடுவேன், தொழுகை நேரத்தில் போடவே மாட்டேன்.

கேட்டவர்:
ஜஸாகல்லாஹ். கேசட்டை அழிக்கவில்லை. மச்சான் வரும் நாளில் மட்டும் போடுவதில்லை.