இடைச்சுட்டு: 'மேற்கோள்' என்ற ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு கருத்தை யாரிடமிருந்து எடுத்தோம் என்று கட்டுரையின் ஓட்டத்திலேயே, அந்த வரியிலேயே குறிப்பிடுகிறோமே, இன்-டெக்ஸ்ட் சைட்டேஷன், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: உரையிடை மேற்கோள், உள் மேற்கோள், அடைப்புக்குறி மேற்கோள், அகச்சுட்டு, இடைச்சான்று. முதல் மூன்றிலும் 'மேற்கோள்' இருக்கிறது. எனக்குச் சிக்கலே அந்தச் சொல்லோடுதான்.

மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது என் அன்றாட வேலை. கொஞ்ச நாள் முன்பு ஒரு மாணவியின் கட்டுரையில் இப்படி ஒரு வரி: "படித்ததில் பெரும்பகுதியை முதல் நாளிலேயே மறந்துவிடுகிறோம், அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைகிறது." இது ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு நழுவுகிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தவர் அவர். கட்டுரையின் கடைசிப் பக்கப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்த வரியில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "நான் மேற்கோள் காட்டவே இல்லையே சார், என் சொந்த நடையில்தானே எழுதியிருக்கிறேன்?" என்றார்.

அவர் திருடவில்லை. நாங்கள் கொடுத்த வழிகாட்டிக் குறிப்பில் "மேற்கோள் காட்டும்போது ஆசிரியர் பெயரும் ஆண்டும் தருக" என்றுதான் இருந்தது. மேற்கோள் என்றால் மேற்கோள்குறிக்குள் வருவது என்று சின்ன வகுப்பிலிருந்தே படித்து வந்தவர். குறி போடவில்லை, ஆகவே மேற்கோள் இல்லை, ஆகவே பெயரும் தேவையில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. சொல்தான் காலை வாரிவிட்டது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டிருந்தாலும் இந்த வரி மாட்டியிருக்காது. அது சொற்கள் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கும், கருத்து எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

ஒருவரின் சொற்களை அப்படியே எடுத்து வைப்பது ஒன்று. எடுத்தது யாருடையது என்று காட்டுவது வேறொன்று. முதலாவதுக்கு 'மேற்கோள்' இருக்கட்டும். இரண்டாவதற்குத்தான் சொல் வேண்டும், ஏனென்றால் கருத்தை மட்டும் எடுத்தாலும் அது தேவைப்படுகிறது. இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்கிறது நன்னூல். பொருள் தனி, மொழி தனி, இரண்டும் முன்னோருடையவை. (அதே சூத்திரத்தில் 'மேற்கோள்' என்ற சொல்லும் வருகிறது, ஆனால் நோக்கம் என்ற பொருளில். ஆக, அந்தச் சொல் ஏற்கெனவே நிறைய சுமந்துவிட்டது.)

இனி வந்த பரிந்துரைகளைப் பற்றி.

> அடைப்புக்குறி மேற்கோள் என்றால் பார்த்தவுடன் புரியுமே?

புரியும், ஆனால் பாதிதான் உண்மை. ஆய்வுக் கட்டுரைகளில் மூலத்தைக் குறிப்பிடும் பாணிகள் பல. ஏ.பி.ஏ. பாணியில் பெயரும் ஆண்டும், எம்.எல்.ஏ. பாணியில் (சட்டமன்றம் அல்ல) பெயரும் பக்க எண்ணும் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. ஐ.இ.இ.இ. பாணியில் பகர அடைப்புக்குள் வெறும் எண். வான்கூவர் பாணியில் பல இதழ்கள் அந்த எண்ணையும் மேலே ஏற்றிச் சின்னதாகப் போட்டுவிடுகின்றன, அடைப்பே கிடையாது. அப்புறம் "எபிங்ஹவுஸ் (1885) கண்டறிந்தது போல" என்று எழுதினால் பெயர் அடைப்புக்கு வெளியே வந்துவிடுகிறது. வடிவத்தை வைத்துப் பெயர் சூட்டினால் பாணி மாறும்போதெல்லாம் சொல் பொய்யாகும்.

இடைச்சான்று எனக்கும் முதலில் பிடித்திருந்தது. விக்கிப்பீடியாவின் 'சான்று தேவை' வழியாகப் பலருக்கும் பழகிய சொல். ஆனால் மறுப்பதற்காகவும் ஒருவரைக் குறிப்பிடுகிறோம். "இன்னார் இப்படிச் சொல்கிறார், அது தவறு" என்று எழுதும்போது அவர் நமக்கு எப்படிச் சான்றாவார்?

அகச்சுட்டு சொன்ன ஐயாவுக்கு: அழகான சொல், ஆனால் இலக்கணம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 'அவன்' என்பதில் அகரத்தைப் பிரித்தால் சொல்லே குலைந்துபோகும், அதுதான் அகச்சுட்டு. 'அவ்வீடு' என்பதில் பிரிக்கலாம், அது புறச்சுட்டு. தமிழ் படிக்கும் மாணவர் ஒரே வாரத்தில் இரண்டையும் சந்தித்தால் குழம்புவார்.

ஆனால் சுட்டு என்ற பகுதியை விட்டுவிட மனமில்லை. 'அவன்' என்றால் எவன் என்பது வேறெங்கோ இருக்க வேண்டும். (எபிங்ஹவுஸ், 1885) என்பதும் அப்படித்தான். தனியே நின்றால் முழுமையில்லை, கடைசியில் இருக்கும் பட்டியலைக் கைகாட்டுகிறது. ஆகவே என் பரிந்துரை இடைச்சுட்டு. பக்கத்தின் அடியில் வந்தால் அடிக்குறிப்பு, வாக்கியத்தின் இடையில் வந்தால் இடைச்சுட்டு. வினையும் கையோடு கிடைக்கிறது: சுட்டு, சுட்டினார், சுட்டாமல் விட்டார். 'மேற்கோள் காட்டு', 'சான்று தா' என்று ஒவ்வொரு முறையும் இரண்டு சொல் செலவழிக்க வேண்டாம்.

இதற்கு என்ன எதிர்ப்பு வரும் என்று தெரியும். பேச்சுவழக்கில் 'சுட்டுட்டான்' என்றால் திருடிவிட்டான். கருத்துத் திருட்டைத் தடுக்கும் கருவிக்கே திருட்டின் சாயல் உள்ள பெயரா? வீட்டில் சொல்லிப் பார்த்தபோது சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பயன்படும் என்றே படுகிறது. சுடு என்பதிலிருந்து வருவது 'சுட்ட கருத்து'. சுட்டு என்பதிலிருந்து வருவது 'சுட்டிய கருத்து'. இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான். வகுப்பில் பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டேன். அதற்கு மேல் அன்று விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் கிளைச்சொற்களும் எளிதாகின்றன. அடைப்புக்குள் வருவது அடைப்புச்சுட்டு, வாக்கியத்தோடு கலந்து வருவது தொடர்ச்சுட்டு. எபிங்ஹவுஸை நேரே படிக்காமல் ஒரு பாடநூலில் அவரைப் பற்றிப் படித்து எழுதினால், படித்த நூலைத்தானே காட்ட வேண்டும்? அதற்கு வழிச்சுட்டு. முதல்நூல், வழிநூல் என்று ஏற்கெனவே பழகிய காதுக்கு இது இடறாது.

தொடர்ச்சுட்டைக் கொஞ்சம் வலியுறுத்திக் கற்பிக்க வேண்டும். ஆறு வாக்கியம் உள்ள பத்தி, கடைசியில் ஓர் அடைப்பு: இதுதான் நான் அதிகம் காணும் பிழை. ஆறும் அவருடையதா, கடைசி ஒன்று மட்டுமா? படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பத்தியின் தொடக்கத்திலேயே "எபிங்ஹவுஸ் (1885) இதைத் தன்னிடமே சோதித்தார்" என்று ஆரம்பித்து, நடுவில் "அவர் கணக்குப்படி" என்று ஒருமுறை தொட்டு, தன் கருத்து வரும் இடத்தில் "எனக்குத் தோன்றுவது" என்று திரும்பினால் எல்லை தெளிவாகிவிடும். எடுத்தாண்ட பகுதி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் சுட்டின் வேலைதான்.

தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லை, வேற்றுமை உருபு. "எபிங்ஹவுஸ் (1885)இன் ஆய்வு" என்று அடைப்புக்குறியில் உருபை ஒட்டுகிறார்கள். பார்க்கவே கண்ணை உறுத்துகிறது. உருபு பெயரோடு சேரட்டும்: "எபிங்ஹவுஸின் (1885) ஆய்வு". பெயர்களிலும் ஒரு குறிப்பு. தலைப்பெழுத்து போட்டு எழுதும் தமிழ்ப் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லை. இடைச்சுட்டில் இயற்பெயரை முழுதாகத் தந்தால் போதும், தலைப்பெழுத்து பட்டியலில் வரட்டும்.

எழுதி முடிக்கும் நேரத்தில் அம்மா ஒருவரின் மடல் வந்தது.

> நம் உரையாசிரியர்கள் 'என்றார் பிறரும்' என்று மட்டும் சொல்லிப் போகவில்லையா? அவர்களைத் திருடர் என்போமா?

மாட்டோம் அம்மா. பரிமேலழகர் குறளுரையில் வேறொரு பாட்டின் வரியை எடுத்துக்காட்டி அப்படி எழுதும்போது, படிப்பவருக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாக இருக்கும் என்ற நம்பிக்கை அது. தன்னுடையது என்று காட்டிக்கொள்ளும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். பழைய உரைகளின் பதிப்புகளில் 'விளங்கா மேற்கோள்' என்றே ஒரு பட்டியல் இருக்கிறது. வரி இருக்கிறது, எந்த நூல் என்று தெரியவில்லை. பதிப்பாசிரியர்கள் எத்தனை நாள் தேடியிருப்பார்கள்!

உங்கள் மடலால் இன்னொன்றும் நடந்தது. மூன்றோ அதற்கு மேலோ ஆசிரியர்கள் இருந்தால் ஏ.பி.ஏ.யின் ஏழாம் பதிப்பு முதல் பெயரை மட்டும் தந்து மற்றவர்களைச் சுருக்கிவிடச் சொல்கிறது. அந்தச் சுருக்கத்துக்கு 'முதலியோர்' என்று குறித்து வைத்திருந்தேன். இப்போது 'பிறரும்' என்றே வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வழிகாட்டிக் குறிப்பைத் திருத்தி வெள்ளிக்கிழமை குழுவுக்கு அனுப்புகிறேன். அதற்குள் இந்த ஒன்றை மட்டும் யாராவது தீர்த்துவைத்தால் நல்லது.