நாலாபானியில் நம்ம கில்லெஸ்பி

குழு: வேலூர் வீடு

கார்த்தி: [படம்] டேராடூனில் சகஸ்ரதாரா சாலைப் பக்கம் இரண்டு வெள்ளைத் தூண்கள். ஒன்று ஆங்கிலேயருக்கு, பக்கத்திலேயே இன்னொன்று அவர்களோடு சண்டை போட்ட கூர்க்காக்களுக்கு. எதிரிக்கும் கல் நட்டிருக்கிறார்கள்! முதல் தூணில் கில்லெஸ்பி என்று இருக்கிறது. பெரியப்பா, இது நம்ம கோட்டை கில்லெஸ்பியா?

பெரியப்பா: அவரேதான். 1806 ஜூலை 10, இங்கே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பறந்து வந்தவர். கயிற்றைப் பிடித்து மதிலேறி, பின்னால் வந்த பீரங்கியால் கதவை உடைத்தார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அடுத்த 8 வருஷத்தில், 1814 அக்டோபர் 31 அன்று, அங்கே டேராடூன் பக்கம் கூர்க்காக்கள் வைத்திருந்த நாலாபானி மலைக்கோட்டை வாசலில் குண்டு பாய்ந்து செத்தார்.

அத்தை: செய்த பாவம் இமயமலை வரை துரத்தியிருக்கிறது 🙏

பெரியப்பா: பாவமோ என்னவோ, அவசரம் துரத்தியது உண்மை. பல பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஏறுவதாகத் திட்டம். சைகை எல்லாப் பிரிவுக்கும் போய்ச் சேரவில்லை. இவர் காத்திருக்காமல் கதவைப் பார்த்துப் பாய்ந்துவிட்டார். வேலூரில் பலித்த வேகம் அங்கே பலிக்கவில்லை.

தீபா: கூர்க்காக்கள் பிரிட்டிஷ் படையில்தானே இருந்தார்கள்? அவர்களோடு என்ன சண்டை?

சித்தப்பா: படையில் சேர்ந்தது அப்புறம், தீபா. இந்தச் சண்டையால்தான் சேர்ந்தார்கள்.

பெரியப்பா: மலையில் கூர்க்காக்களின் கோர்க்கா அரசு, அதாவது இன்றைய நேபாளம், பெருகிக்கொண்டே போனது. 1790இல் குமாவுன், 1804இல் கார்வால், மேற்கே சட்லெஜ் ஆறு வரை. கீழே சமவெளியில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. 1801இல் அயோத்தி நவாபை நெருக்கிக் கோரக்பூரை வாங்கிக்கொண்டது. இடையில் புட்வல் என்ற அடிவாரப் பகுதி. அதை வைத்திருந்த பால்பா ராஜா மலையில் ராஜா, அடிவாரத்தில் மட்டும் நவாபுக்கு வரி கட்டுகிற ஜமீன்தார். அதுவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. பால்பாவை கோர்க்கா விழுங்கியதும் "ராஜாவுடையது எல்லாம் எங்களது" என்றார்கள். "நவாப் கொடுத்தது எல்லாம் எங்களது" என்றது கம்பெனி. இரண்டும் ஒரே நிலம்!

தீபா: நம்ம பங்காளி வழக்கு மாதிரியே இருக்கிறதே 😄

பெரியப்பா: 1814 மே மாதம் அங்கே கம்பெனி போட்ட போலீஸ் சாவடிகளை கோர்க்காக்கள் தாக்கினார்கள். கவர்னர் ஜெனரல் மொய்ரா பிரபுவுக்கு அது போதும், நவம்பரில் போர் அறிவிப்பு. அறிவிப்புக்கு முந்தின நாளே கில்லெஸ்பி செத்துப் போய்விட்டார்.

சித்தப்பா: செலவுக்குக் காசு யார் கொடுத்தது என்று சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: அதே அயோத்தி நவாப். கோடிக்கணக்கில் கடன். முந்தைய நவாபிடம் பாதி நாட்டைப் பிடுங்கிவிட்டு மகனிடம் கடன்! எனக்கு இந்தப் போரிலேயே எரிச்சல் வருவது இதைப் படிக்கும்போதுதான்.

கார்த்தி: இங்கே வீட்டுக்காரர் கார்வாலி. நாலாபானி கோட்டையைக் காத்த கோர்க்கா தளபதி பலபத்ர குன்வர் பெரிய வீரர் என்கிறார். அதே மூச்சில் கோர்க்கா ஆட்சியைத் திட்டுகிறார்.

பெரியப்பா: இரண்டும் சரி. கார்வால் ஜனங்களைப் பிடித்து ஹரித்வாரில் அடிமைகளாக விற்ற ஆட்சி அது. பலபத்ரரின் வீரத்திலும் பொய் இல்லை. கோட்டைக்குள் பெண்கள், குழந்தைகளோடு சேர்த்தே சுமார் 600 பேர். ஒரு மாதம் தாங்கினார்கள். கடைசியில் பீரங்கியை விடத் தண்ணீர்தான் தோற்கடித்தது. ஊற்று கோட்டைக்கு வெளியே இருந்தது, கம்பெனி அதை மறித்துவிட்டது. சுமார் 70 பேரோடு இரவில் வெளியேறிவிட்டார், சரணடையவில்லை. பிறகு பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் படையில் சேர்ந்து ஆப்கானியரோடு போரிட்டு இறந்தார்.

அத்தை: அந்தக் குழந்தைகள்?

பெரியப்பா: உள்ளே நுழைந்தவர்கள் பிணங்களுக்கு நடுவே காயம்பட்டவர்களையும் தாகத்தில் கிடந்தவர்களையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் வேண்டாம் தங்கச்சி.

தீபா: அப்புறம் யார் ஜெயித்தது?

சித்தப்பா: கம்பெனியின் இன்னொரு தளபதி ஆக்டர்லோனி. பாய்கிற ஆள் இல்லை. மலையில் பாதை வெட்டி, பீரங்கியை ஏற்றி, ஒவ்வொரு முகடாகப் பிடித்தார். 1815 மே மாதம் மலாவுன் கோட்டையில் கோர்க்கா தளபதி அமர்சிங் தாபா பணிந்தார். அந்த வருஷமே கூர்க்கா பட்டாளங்களைத் திரட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பெரியப்பா: 1815 டிசம்பரில் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் சுகௌலி ஒப்பந்தம் எழுதியும் காட்மாண்டு இழுத்தடித்தது. ஆக்டர்லோனி காட்மாண்டுவுக்குத் தெற்கே மக்வான்பூர் வரை வந்த பிறகு, 1816 மார்ச்சில்தான் உறுதியானது. கிழக்கே மேச்சி ஆறு, மேற்கே காளி ஆறு, நடுவில் நேபாளம். குமாவுன், கார்வால் போயே போய்விட்டன.

கார்த்தி: 2020இல் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வரைபடச் சண்டை வந்ததே, அது இந்தக் காளியா?

பெரியப்பா: இதே காளி. காளிக்கு மேற்கே நேபாளத்துக்கு உரிமை இல்லை என்று எழுதினார்கள். ஆறு எங்கே பிறக்கிறது என்று எழுதவில்லை. லிம்பியாதுராவிலிருந்து வருவதுதான் காளி என்கிறது நேபாளம். காலாபானி ஊற்றிலிருந்து என்கிறது இந்தியா. நடுவில் லிபுலேக் கணவாய் மாட்டிக்கொண்டது.

தீபா: இருநூறு வருஷமாகவா! ஒரு வரி கூட எழுதியிருக்கக் கூடாதா?

சித்தப்பா: எழுதியவர்களுக்கு வேண்டியது குமாவுன் கிடைத்ததா என்பதுதான். மேலே பனியில் யார் போய்ப் பார்த்தார்கள்?

கார்த்தி: சித்தப்பா, உங்கள் காலத்தில் கூர்க்கா ரெஜிமென்ட் பக்கத்தில் இருந்தீர்களே, இப்போதும் நேபாளத்திலிருந்து வருகிறார்களா?

சித்தப்பா: 1947இல் 10 ரெஜிமென்டில் 6 நமக்கு, 4 பிரிட்டனுக்கு என்று பிரித்தார்கள். அன்றிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2022இல் அக்னிபத் என்ற புது ஆள்சேர்ப்புத் திட்டம் வந்ததும் நான்கு வருஷ வேலைக்கு எங்கள் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்று நேபாளம் நிறுத்தி வைத்துவிட்டது.