மார்கழியில் புல் விதைக்கலாமா? கனடாவில் விதைக்கிறார்களாமே!

உரும்பிராய் முற்றம்
டிசெம்பர் 8

வணக்கம். எங்கள் வீட்டு முன்முற்றத்தில் 20 அடிக்கு 30 அடி வரும் ஒரு துண்டில் புல்தரை போட இரண்டு வருடமாக முயல்கிறேன். ஆசை மகளுடையது. எதிர்ப்பு அம்மாவுடையது. நடுவில் மண்வெட்டியோடு நிற்பவன் நான்.

சென்ற வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்துக் கடையொன்றில் பெர்முடாப் புல் விதை அரைக் கிலோ வாங்கினேன். பொட்டலத்தில் இருந்த படத்தைப் பார்த்தால் கிரிக்கெட் மைதானம் தோற்றுவிடும். மழைக்காலத்தில் விதைத்தால் தண்ணீர் இறைக்கும் வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டு, கார்த்திகை முதற்கிழமையில் விதைத்தேன். மூன்றாம் நாள் இரவு வானம் பொத்துக்கொண்டது. பீலி நிரம்பி வழிந்து, விறாந்தைப் படியடியிலிருந்து படலை வரை தண்ணீர் பாய்ந்தது. விடிந்து பார்த்தால் செம்மண்ணில் தண்ணீர் கீறிய கோடுகள் மட்டும் இருந்தன; விதையைக் காணவில்லை. பத்து நாள் கழித்துப் படலையடியில் ஒரு முழ அகலத்துக்கு, பாய் விரித்ததுபோல் அடர்ந்த பச்சை. அரைக் கிலோவும் அங்கே போய்ச் சேர்ந்து முளைத்திருந்தது! அதையும் பக்கத்து வீட்டு ஆடு ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டது. முற்றத்தில் எனக்கு மிஞ்சியது கோரை.

இந்த வருடம் புதுக் குழப்பம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கை, "அண்ணா, இங்கே புல்லைக் குளிர்காலத்தில்தான் விதைக்கிறோம். நவம்பர் கடைசியில் நான் வீசிவிட்டேன், வசந்தத்தில் அதுவாக வரும். நீங்களும் மார்கழியில் போடுங்கள். வரும்போது ஒரு பை விதை கொண்டுவருகிறேன்" என்கிறாள். மார்கழியும் குளிர்தானே, அதிகாலையில் நானே போர்வையைத் தேடுகிறேன். இப்போது விதைக்கலாமா? அவள் கொண்டுவரும் விதை இங்கே வளருமா?

அம்மாவின் வழக்கையும் எழுதிவிடுகிறேன், வீட்டில் நீதி வேண்டும். எண்பத்திரண்டு வயதிலும் விடியற்காலையில் ஈர்க்குமாற்றால் முற்றம் கூட்டாமல் அவர் தேநீர் குடிப்பதில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தோம். முற்றத்தில் இடுப்பளவு புல். அன்றிலிருந்து புல் என்றால் அவருக்கு ஆளில்லாத வீடு. "காசு கொடுத்தா அதை முளைக்க வைக்கப் போகிறாய்?" என்று கேட்கிறார்.


சுன்னாகத்துச் செம்மண்
டிசெம்பர் 8

விதையை விட்டுவிடுங்கள் அண்ணா. மலேசியப் புல்லைத் துண்டு துண்டாக வாங்கி நட்டால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் மாமர நிழலிலும் நன்றாகப் படர்ந்திருக்கிறது. காசு கொஞ்சம் கூட, தலையிடி இல்லை.


ஸ்காபரோ
டிசெம்பர் 9

உங்கள் தங்கை சொன்னது இந்த ஊருக்குச் சரி. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

இங்கே புல் விதைக்க மிக நல்ல காலம் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை. மண்ணில் கோடையின் சூடு இருக்கும், காற்று குளிரத் தொடங்கியிருக்கும். அதைத் தவறவிட்டவர்கள் செய்யும் இரண்டாவது வழிதான் நவம்பர் கடைசி விதைப்பு. அந்த விதை குளிர்காலத்தில் முளைப்பதற்காகப் போடப்படுவதல்ல, முளைக்காமல் கிடப்பதற்காகப் போடப்படுவது. மண் நன்றாகக் குளிர்ந்து, இனி விதை கண் திறக்காது என்று உறுதியான பிறகே வீச வேண்டும். பிறகு நிலம் உறைவதும் இளகுவதுமாக மேல்மண் வெடிக்கும், அந்த வெடிப்புகளுக்குள் விதை இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் மண் சூடேறும்போது முளைக்கும்.

நான் அவசரக்காரன். முதல் வருடம் ஒக்டோபர் கடைசியில் விதைத்தேன். அதன் பிறகு பத்து நாள் நல்ல வெயில். தலைமுடி போல மெல்லிசாக முளைத்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை, படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். அடுத்த கிழமை உறைபனி கொட்டியது. மிச்சம் ஒன்றுமில்லை.

சரிவான நிலத்தில் பனிக்கட்டியின் மேல் வீசுவதும் வீண். பனி உருகும்போது விதையும் கூடவே போய்விடும். படலையடியில் உங்களுக்கு வந்த விளைச்சல் எனக்கு நடைபாதை ஓரத்தில் வந்தது!


பழைய போதனாசிரியர்
டிசெம்பர் 10

விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் என் காலத்துப் பயிர்கள். புல்தரை பற்றி யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள்.

உரும்பிராய்த் தம்பி, உங்கள் மார்கழிக் குளிரை விதை குளிராகவே எடுத்துக்கொள்ளாது. இரவில் 22, 23 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது, அவ்வளவுதான். கனடாக்காரர் வீட்டுப் புல் வகைகள், அதாவது கென்டக்கி புளூகிராஸ், ரை புல், பெஸ்கியூ போன்றவை, மண் 10 முதல் 18 பாகை வரை இருக்கும்போது முளைக்கப் பிரியப்படுபவை. பெர்முடாவுக்கு 20 பாகைக்கு மேல் சூடு வேண்டும், 25ஐத் தாண்டினால் இன்னும் மகிழ்ச்சி. யாழ்ப்பாணத்து மண்ணில் அது வருடம் முழுவதும் முளைக்கும். ஆகவே இங்கே நாள் பார்க்க வேண்டியது குளிருக்கு அல்ல, தண்ணீருக்கு.

உங்கள் தங்கை செய்வது நமக்குப் புதிதும் அல்ல. தென்மராட்சியில் இருந்தீர்கள், புழுதி விதைப்புப் பார்த்திருப்பீர்களே. காலபோகத்துக்கு மழை வருமுன்பே உழுத காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிடுவார்கள். அது புழுதிக்குள் கிடந்து ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். அங்கே விதையை உறங்க வைப்பது குளிர், இங்கே உறங்க வைப்பது வறட்சி. ஸ்காபரோத் தம்பிக்கு ஒக்டோபர் வெயிலில் நடந்தது நம் கமக்காரருக்குப் புரட்டாதியில் நடக்கும். ஒரு மழை ஏமாற்றிப் பெய்து விதையை எழுப்பிவிட்டு, பிறகு பத்து நாள் வெயில் எறிக்கும். எழும்பியது கருகும். கனடாவில் குளிர்காலத் தொடக்கத்தில் வீசுவதற்கு நம் ஊரில் ஒத்த காலம் புரட்டாதி, மார்கழியல்ல. மார்கழியில் நிலம் முழுக்க ஈரம். போட்ட விதை கிழமைக்குள் விழித்துவிடும், அல்லது ஒரே மழையில் படலைக்குப் போய்விடும்.

அதற்காகப் புரட்டாதியில் புல் விதைக்கச் சொல்லவில்லை. நெல் மணி பெரிது, மண்ணுக்குள் கிடக்கும். பெர்முடா விதை கடுகிலும் சிறியது. அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் மண் மூடினால் வெளியே வராது, மூடாவிட்டால் எறும்பு கொண்டுபோகும். வாடைக்காற்றோடு வரும் நவம்பர் மழையை அது தாங்காது. என் முறை இது: விதை என்றால் தையில், கணுத்தண்டு என்றால் கார்த்திகையில்.

தையில் பெருமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இறங்கியிருக்கும், கிணறு வாய் வரை நிற்கும். இதை ஆட்கள் யோசிப்பதில்லை, ஆனால் முக்கியம். நமக்கு ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாம். மாரி முடிந்த கையோடு கிணற்று நீர் நல்ல நீராக இருக்கும். ஆனி, ஆடியில் பல இடங்களில் உப்புக் கரிக்கும். இளம் முளைக்கு அந்த நீர் ஆகாது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். விதைத்த நிலத்துக்கு அந்தப் பனி காலை நேரத்து ஒரு தண்ணீர்ப் பாய்ச்சலை மிச்சப்படுத்தித் தரும்.

இந்த மார்கழியில் உங்களுக்கு வேலை வேறு. முதலில் பீலியைத் திருப்புங்கள், கூரைத் தண்ணீர் அந்தத் துண்டுக்குள் விழவே கூடாது. நிலத்தை ஒரு சாண் ஆழம் கொத்தி, கோரையைக் கிழங்கோடு பொறுக்குங்கள். மேலே பிடுங்கினால் அது உங்களைப் பார்த்துச் சிரிக்கும். மழையில் களை முளைக்க விடுங்கள், பிடுங்குங்கள், மறுபடி முளைக்க விடுங்கள், மறுபடி பிடுங்குங்கள். பொங்கல் முடிந்து நாலைந்து நாள் பொறுத்து, அரித்த எருவைத் தூவி மட்டப்படுத்தி விதையுங்கள். உங்கள் துண்டுக்கு 400 கிராம் தாராளம். மணலோடு கலந்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் வீசினால் திட்டுத் திட்டாக வராது. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடிப்போய்க் கிடக்கிறது, அதற்குப் புல்லையும் காரணமாக்க வேண்டாம்.

தங்கையின் பை பற்றி. ரை புல் தையில் அழகாக முளைக்கும், அதுதான் ஆபத்து. பங்குனி வெயிலில் மஞ்சளாகி, சித்திரையில் வைக்கோலாகிவிடும். அதைவிட, விதைகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பெர்முடா என்று காசு கொடுத்து வாங்கினீர்களே, அது நம் அறுகுதான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே இனம். கடைவிதை இலை கொஞ்சம் நெருக்கமாக, ஒரே சீராக வரும், அவ்வளவே. அம்மாவிடம் அறுகு என்று சொல்லிப் பாருங்கள்.


உரும்பிராய் முற்றம்
டிசெம்பர் 10

ஐயா, மிக்க நன்றி. அறுகு என்றதும் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் கிணற்றடியில் இருப்பதைப் பிடுங்கி நட வேண்டியதுதானே, கடைக்கு ஏன் போனாய்?" என்றார். பதில் என்னிடம் இல்லை.

இரண்டு சந்தேகம். எறும்புக்கு என்ன செய்வது? கிணற்றடி அறுகையே நட்டால் என்ன?


பழைய போதனாசிரியர்
டிசெம்பர் 11

அம்மா சொன்னது சரி. கணுவுள்ள தண்டை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் போக, ஒரு சாண் இடைவெளியில் நட்டால் பிடிக்கும். மழையும் அள்ளாது. ஆனால் கார்த்திகையில் நட்டிருக்க வேண்டும், இப்போதும் பிழையில்லை. கிணற்றடியில் கோரையும் கலந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கப் பொறுமை இருந்தால் நடுங்கள். பாதித் துண்டில் தண்டு, பாதியில் விதை என்று செய்தால் எனக்கும் பார்க்க ஆசை.


நல்லூர் மருமகள்
டிசெம்பர் 12

எறும்புக்கும் புறாவுக்கும் கோழிக்கும் சேர்த்து ஒரே மருந்து, பழைய பருத்திச் சேலை. விதைத்த அன்றே விரித்து, ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். தண்ணீரைப் பூவாளியால் சேலைக்கு மேலேயே ஊற்றலாம், விதை அசையாது. எறும்பு முழுதாக நிற்காது, ஆனால் ஊர்வலம் போவது குறையும். எறும்புப் புற்று இருக்கும் இடத்தை முதல்நாளே கிளறிவிடுங்கள்.

முதலில் நான் கிடுகு போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் போதாமல் முளை வெளுத்து நீண்டு, கிடுகை எடுத்தவுடன் சாய்ந்துவிட்டது. சேலைக்குள் வெளிச்சம் போகும். எட்டாம் நாளிலிருந்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை போலப் பச்சை தெரிந்தால், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு எடுங்கள். நைலோன் சேலை வேண்டாம், அவிந்துவிடும்.


உரும்பிராய் முற்றம்
பெப்ரவரி 17

நடந்ததை எழுதாமல் விடக்கூடாது என்று வந்தேன்.

மார்கழி முழுவதும் கோரைக்கிழங்கு பொறுக்கினேன். இரண்டு வாளி. பீலிக்குக் குழாய் பொருத்தி, தண்ணீரைத் தென்னையடிக்குத் திருப்பியாயிற்று. மேற்குப் பாதியில் டிசெம்பர் 14 அன்று கிணற்றடி அறுகை நட்டோம். அம்மா கதிரையில் இருந்தபடி, "அது கோரை, அது அறுகு" என்று சொல்லச் சொல்ல மகள் பிரித்தாள். ஒரு பிழை கூட விடவில்லை, கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. கிழக்குப் பாதியில் ஜனவரி 19 அன்று விதை. மனைவியின் சேலைகள் மூன்று போயின. பழையவை என்று நான் நினைத்ததில் ஒன்று பழையதல்ல. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

விதை ஒன்பதாம் நாள் தெரிந்தது. நல்லூர் அக்கா சொன்னதுபோல் ஊசிமுனைதான். காலையில் ஒவ்வொரு முனையிலும் ஒரு பனித்துளி நிற்க, செம்மண் முழுவதும் உப்புத் தூவியதுபோல் மினுங்கியது. இடையில் ஒரு நாள் சிறு தூறல், அள்ளவில்லை. இப்போது விதைத்த பக்கம் இரண்டு அங்குல உயரம், சீராக இருக்கிறது, இரண்டு இடத்தில் மட்டும் சொட்டை. நட்ட பக்கம் பார்க்க அழகில்லை, தலைவாராத பிள்ளை போல் நாலாபக்கமும் ஓடுகிறது. ஆனால் மிதித்தாலும் அசையவில்லை. விதைத்த பக்கத்தை நாளுக்கு இரண்டு தடவை நனைக்கிறேன், நட்ட பக்கத்துக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதுமாக இருக்கிறது. ஐயா, உங்கள் சோதனையில் இப்போதைக்குக் கிணற்றடிதான் முன்னுக்கு.

தங்கை நேற்றுப் படம் அனுப்பினாள். அவளுடைய விதைக்கு மேல் ஒன்றரை அடி பனி.

ஒரு கேள்வி மட்டும். விதைத்த பக்கத்தை எப்போது முதல் தடவை வெட்டலாம்? கேட்பதற்குக் காரணம், போன சதுர்த்திக்கு அம்மா பிள்ளையாருக்கு என்று அங்கேயிருந்து ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போய்விட்டார். கிணற்றடியில் கிள்ளலாமே என்றேன். "அது அவ்வளவு வடிவில்லை" என்கிறார்.


பழைய போதனாசிரியர்
பெப்ரவரி 18

மூன்று அங்குலம் வந்ததும், நிலம் காய்ந்திருக்கும் நாளில், கூரான கத்தியால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள். அதற்கு இரண்டு கிழமை இருக்கிறது. அம்மா கிள்ளுவதைத் தடுக்க வேண்டாம். சொட்டை இடங்களுக்கு நட்ட பக்கத்துத் தண்டையே வெட்டி வையுங்கள்.