ஏற்காட்டுக் காப்பி இலையில் துத்தநாக ஆக்சைடு: பொடி ஏன் சாம்பல் நிறமாகிறது?

கேள்வி (சேலம், முதுநிலை வேதியியல் மாணவி)

அனைவருக்கும் வணக்கம். ஆய்வேட்டுக்காகத் துத்தநாக ஆக்சைடுப் பொடி செய்ய, ஏற்காட்டில் உறவினர் தோட்டத்தில் பறித்த பச்சைக் காப்பி இலை 20 கிராமைத் தண்ணீரில் காய்ச்சி வடித்து, அந்தச் சாற்றில் துத்தநாக நைட்ரேட்டைக் கலந்து, பசையாக வற்றும்வரை சூடாக்கி, மூடியிட்ட பீங்கான் மூசையில் (உலையில் வைத்துச் சுடும் கிண்ணம்) 400 டிகிரி செல்சியசில் இரண்டு மணி நேரம் சுட்டேன். மழைக்காலத்து இலை ஏறக்குறைய வெண்மையான பொடியைத் தந்தது. அதே எடையுள்ள கோடைக்கால இலை சாம்பல் நிறப் பொடியைத் தந்தது. இலையிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் சேர்மங்கள் துத்தநாகத்தை ஒடுக்குகின்றன, அதாவது அதற்கு எலக்ட்ரான் தருகின்றன என்று எழுதியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் அது நிற்குமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்)

நிற்காது, அம்மா. வெள்ளி நைட்ரேட்டில் இலைச் சாறு வெள்ளி அயனியை உலோகமாக ஒடுக்குகிறது. கரைசல் பழுப்பாவது அதனால்தான். துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணோ நைட்ரேட்டிலும் +2, ஆக்சைடிலும் +2. அது எலக்ட்ரான் எதையும் பெறவில்லை. வெள்ளிக்குச் சொன்ன விளக்கத்தை அப்படியே துத்தநாகத்துக்கும் எழுதிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் சாற்றிலுள்ள சேர்மங்கள் துத்தநாக அயனிகளைப் பிணைத்துப் பிரித்து வைக்கின்றன. உலையில் அவை எரிந்து நீங்கும்போது நைட்ரேட்டும் சிதைந்து ஆக்சைடு உருவாகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலையே இல்லாமல் வெறும் துத்தநாக நைட்ரேட்டைச் சுட்டாலும் ஆக்சைடுதான் கிடைக்கும். எனவே அதையும் அதே உலையில் அதே நேரம் சுட்டு ஒப்பிடாதவரை, இலை என்ன செய்தது என்று உங்களால் சொல்ல இயலாது. தாமிர எக்ஸ்-கதிரில் விளிம்பு விளைவுப் படம் எடுத்தால், இலையோடு சுட்டது, இலையின்றிச் சுட்டது என இரண்டு பொடிகளுக்கும் 31.7, 34.4, 36.2 டிகிரியை ஒட்டியே முகடுகள் வரும். ஒப்பிட வேண்டியது முகடுகளின் அகலத்தைத்தான். அந்த அகலத்திலிருந்து கணக்கிடும் ஷெரர் சமன்பாடு தருவது படிகத்தின் அளவே. துகளின் அளவுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வேண்டும்.

மறுமொழி 2 (ஆய்வகப் பணியாளர்)

சாம்பல் நிறம் எரியாமல் தங்கிய கரி. கோடை இலையில் நீர் குறைவு என்பதால், அதே எடைக்குச் சாற்றில் கரைபொருள் கூடியிருக்கும். மூடி காற்றையும் தடுத்துவிட்டது. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து எடை போடுங்கள். பசையை மெல்லிய படலமாகப் பரப்பி, மூடியில்லாமல் 500 டிகிரியில் சுடுங்கள். அதற்கு மேல் போனால் துகள்கள் ஒட்டிப் பெருத்துவிடும். உலையிலிருந்து எடுத்தவுடன் பொடி மஞ்சளாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம், ஆறியதும் வெளுத்துவிடும். நைட்ரேட் சிதையும்போது வரும் செம்பழுப்புப் புகை நச்சுடையது. புகை வெளியேற்றி ஓடாமல் உலையை மூட்டாதீர்கள்.

கேட்டவர்

நன்றி, ஐயா. மூசையை விளிம்புவரை நிரப்பியும் இருந்தேன். திங்களன்று இலைச் சாறு கலந்ததோடு, வெறும் நைட்ரேட்டையும் தனியாகச் சுட்டு, இரண்டு எக்ஸ்-கதிர்ப் படங்களையும் இங்கே இடுகிறேன்.