புதுப்பிப்பு: பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டாயிற்று

போன மாதம் புலம்பியிருந்தேனே, 2014இல் வாங்கிய லேப்டாப், ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று? பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) மாற்றிப் பாருங்கள் என்றீர்கள். மாற்றிவிட்டேன்.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் நீட்டியது எம்.2 வகை, மதர்போர்டிலேயே செருகும் சிறிய பட்டை. என் மெஷினில் அதற்கு இடமே கிடையாது! நல்லவேளை, முந்தின நாளே பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும் 2.5 அங்குல சாட்டா வகை, 480 ஜிபி வாங்கி வந்தேன். மாட்டுவது பத்து நிமிட வேலை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதில் இல்லை. சரி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம் என்று முடிவு செய்தேன். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன், வைஃபை தவிர எல்லாம் வேலை செய்தது. நிறுவிய பிறகு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் எடுத்து, மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜர் வழியாக வைஃபைக்கான டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) ஏற்றியதும் வைஃபையும் வந்துவிட்டது.

இப்போது அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது. பேட்டரி மட்டும் அதே கிழம்தான். இங்கே மலையில் கரண்ட் போனால் கூடவே இதுவும் போய்விடுகிறது, அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.