பிரெய்ல் காட்சியமைவுக்கு வேறு சொல்

வணக்கம்.

நூலகங்களுக்கான உதவிக்கருவிப் பட்டியலில் ‘திரைநவிலி’ (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) சிக்கலில்லாமல் ஏறிவிட்டது. என்விடிஏ (NVDA) என்ற திரைநவிலியின் தமிழ் இடைமுகத்திலேயே புழங்கும் சொல். இடறுவது அடுத்த வரிதான். கணினியில் உள்ளதை, பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளாக விரலுக்கு எழுப்பித் தரும் கருவியைப் ‘புதுப்பிக்கத்தக்க பிரெய்ல் காட்சியமைவு’ என்று எழுதியிருக்கிறார்கள். புதுப்பிக்கத்தக்க என்றதும் சூரிய மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது. தடவிப் படிப்பதில் காட்சி எங்கே வந்தது?

கருவி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். விசைப்பலகைக்கு முன்னால், படிப்பவர் பக்கமாக ஒட்டிக் கிடக்கும் நீளப் பெட்டி. பெரும்பாலும் ஒரே ஒரு வரி. 14, 20, 40, 80 எனக் கட்டங்கள். கட்டத்துக்கு எட்டு முளை. பெரும்பாலான கருவிகளில் முளைக்கு ஒரு பீசோ பட்டை உண்டு. ஏறத்தாழ 200 வோல்ட் பட்டதும் அது வளைந்து முளையைத் தூக்கும். தமிழ் பிரெய்லுக்கு ஆறு புள்ளியே போதும். அடியில் இருக்கும் 7, 8 இரண்டும் சுட்டி (கர்சர்) நிற்கும் இடத்தைக் காட்ட.

என் முன்மொழிவு: எழுபுள்ளி வரி.

> எழுபுள்ளி வரி

எழுகடல், எழுபிறப்பு போல ‘ஏழு புள்ளி’ என்றே படிப்பார்கள் ஐயா. இருப்பதோ எட்டு! ‘வரி’ கடைசியில் நின்றால் வீட்டுவரி, தண்ணீர்வரியோடு போய்ச் சேரும். ‘பிரெய்ல் பட்டை’ என்று மாற்றலாமென்றால் நூலகத்தில் பட்டை என்பது புத்தகத்தில் ஒட்டும் பட்டைக்குறியீடு.

‘பிரெய்ல் வரிப்பலகை’ எப்படி? விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடப்பது, பெயரிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

> பிரெய்ல் வரிப்பலகை

எனக்குச் சம்மதம். காரணம், பெயர் எத்தனை கட்டம் பிடிக்கும் என்ற கணக்கு. தமிழ் பிரெய்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளிக்குறி (4ஆம் புள்ளி) தனிக்கட்டமாக முன்னால் வரும். உயிர்மெய்க்கு மெய் ஒன்று, உயிர் ஒன்று. அகரமேறிய மெய்க்கு மட்டும் ஒரே கட்டம். ‘நூலகம்’ அச்சில் நான்கெழுத்து, விரலுக்கு ஆறு கட்டம். அதை மூன்று முறை எழுதினாலே, இடைவெளியோடு 20 கட்டக் கருவி நிரம்பிவிடும்.

இந்தக் கணக்கில் ‘பிரெய்ல் வரிப்பலகை’ 8 + 1 + 9 = 18. பழைய பெயர் 38. 20 கட்டக் கருவியில் தன் பெயரையே இரண்டு துண்டாகத்தான் காட்டும். முதல் துண்டில் ‘பிரெய்ல்’ என்ற சொல்கூட முழுதாக வராது.

‘செல்’லுக்குக் கட்டம் சரி. ‘பின்’னுக்கு முளையும் சரி, ஊசி என்றால் குத்தும் என்று நினைப்பார்கள்.

> செல்லுக்குக் கட்டம் சரி

கட்டத்துக்கு மேலே உள்ள சின்னப் பொத்தானை விட்டுவிட்டோம். அழுத்தினால் சுட்டி அந்த எழுத்துக்கு வந்து நிற்கும். நூற்பட்டியலின் தேடல் பெட்டியில் ஓரெழுத்தைத் திருத்த அம்புவிசையைப் பத்து முறை தட்டாமல் காப்பது இதுதான். ‘சுட்டியழைப்பி’ என்கிறேன்.

கையேட்டில் சேர்க்க வேண்டியவை: தமிழுக்குப் பதில் நீள நீளமாக யூனிகோடு எண்கள் வந்தால் கருவி பழுதில்லை. என்விடிஏ அமைப்புகளில் பிரெய்ல் பகுதிக்குப் போய் வெளியீட்டு அட்டவணையை (எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்ற பட்டியல்) தமிழுக்கு மாற்ற வேண்டும்; ஆங்கில அட்டவணைக்கு நம் எழுத்து தெரியாது. ஒரு முளை மட்டும் எழாமலோ இறங்காமலோ நின்றால், அனேகமாகக் கை எண்ணெயும் தூசியும். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். துப்புரவுத் திரவத்தை மேலே நேராகத் தெளிக்கவே கூடாது, உள்ளே இறங்கிவிடும். அழுத்திப் படித்தால் முளை அமுங்கும், எழுத்து மாறித் தெரியும். முளையைத் தூக்கும் பீசோ பட்டையின் பலம் அவ்வளவுதான்.

> சுட்டியழைப்பி

சு, ட், டி, ய, ழை, ப், பி: 13 கட்டம். எடுத்துக்கொள்ளலாம்.