போனில் பார்த்த ஆபாசப் படத்தை வைத்துப் பெண்களை எடைபோடும் ஆண்கள்: நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம்காரன்:
2014 வாக்கில் கடலூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். ஜியோவுக்கு முந்தைய காலம். மெமரி கார்டில் 'படம் ஏற்றித் தருவது' எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு மதியம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. கார்டை மேஜையில் வைத்துக் குரலைத் தாழ்த்தி, "வெளிநாட்டுது வேணாம் தம்பி. நம்ம ஊர்ப் பொண்ணுங்க, தெரியாம எடுத்தது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். முதலாளி ஏற்றிக் கொடுத்தார். போகும்போது ஒரு பத்திரிகையை நீட்டி, "குடும்பத்தோட வந்துடுங்க" என்றார். அதன் நான்கு ஓரத்திலும் மஞ்சள் தடவியிருந்தது. 'தெரியாம எடுத்தது' என்ற சொல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

முத்தியால்பேட்டை அக்கா:
புதுச்சேரி பீச் ரோட்டில் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், கூட்டம் நடந்துதான் போகும். காந்தி சிலை பக்கம் ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் காலேஜ் பையன்கள் நாலு பேர் செல்ஃபி கேட்டார்கள். சரி என்றாள். ஒருவன் தோளில் கை போட்டான். எடுத்துவிட்டாள். மறுபடி போட்டான். போய்க் கேட்டேன். "அவங்களுக்கு இதெல்லாம் சகஜம்க்கா." இதுவரை எத்தனை வெள்ளைக்காரங்களிடம் பேசியிருக்கிறாய் என்றேன். "இவங்கதான் மொத ஆளு." அப்போ சகஜம்னு யார் சொன்னது? போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்:
28 வயதில் கல்யாணம். அதுவரை வெளிப்பெண் யாரிடமும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. தெரிந்ததெல்லாம் போனில் பார்த்ததுதான். அதில் வருகிற பெண் முதலில் வேண்டாம் என்பாள், அப்புறம் சிரிப்பாள். மூன்றாம் நாள் ராத்திரி என் மனைவி கட்டில் ஓரத்தில் தலையணையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள்: "நான் வேணாம்னு சொன்னது காதுல விழலையா, விழுந்தும் விட்டுட்டீங்களா?" விழுந்தது. ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பண்ருட்டியார்:
எல்லாரும் போனையே திட்டுகிறீர்கள், எனக்கு உடன்பாடில்லை. 2015 ஆகஸ்டில் 857 ஆபாசத் தளங்களை முடக்கச் சொன்னது மத்திய அரசு, சில நாளிலேயே தளர்த்தியது. 2018ல் மறுபடி 827. பார்க்கிறவன் வேறு வழியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். வீட்டில் யாரும் வாய் திறக்காவிட்டால் பையனுக்குப் போன்தான் வாத்தியார். என் அண்ணன் மகன் ஒரு சந்தேகம் கேட்டபோது நானே டிவி சத்தத்தைக் கூட்டினவன், அந்த வலியில் சொல்கிறேன்.
மஞ்சக்குப்பம் தம்பி, உங்கள் முதலாளி செய்தது அப்போதே குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ: முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். அந்தரங்கத்தில் இருக்கும் பெண்ணைத் தெரியாமல் படமெடுப்பதும் பரப்புவதும் 2013லிருந்து தனிக் குற்றம், இப்போது அது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அவள் சம்மதித்து எடுத்த படத்தைக்கூட அவள் சம்மதமில்லாமல் அடுத்தவனுக்கு அனுப்பக்கூடாது. யாருக்காவது நடந்தால் படத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
சட்டம் இருக்கட்டும் அண்ணே. நெல்லிக்குப்பம் தம்பி, எங்களிடம் சொன்னதை அவளிடம் சொன்னீங்களா?

பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்:
இல்லக்கா. அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. ஞாயித்துக்கிழமை வர்றா.